சீனியம்மா கத்தாத திருவிழா

ஒரு ஊர்ல ஒரு வாய் இருந்துச்சு.

சிரிக்காதடி மயிலு. ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாரு, ஒரு ராணி இருந்தான்னு மத்தவங்க சொல்லுவாங்க. இந்தப் பெரியம்மாகிட்ட ராசாவும் கெடையாது, ராணியும் கெடையாது. வாய்தான் இருக்கு. கேட்டா கேளு. இல்லேன்னா அங்கிட்டுத் திரும்பிப் படு, நானும் வெளக்க அணைச்சுட்டுப் போறேன். காலையிலேருந்து குனிஞ்சு நிமிந்து இடுப்பு விட்டுப் போச்சு எனக்கு. என்ன, கேக்குறியா? அப்ப நடுநடுவுல "ம்" கொட்டணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும்.

"ம்."

ஆங். அந்த ஊருக்குப் பேரு செங்கொளம். அந்த வாய்க்குப் பேரு சீனியம்மா. பேருல மட்டுந்தான் சீனி. காலையில சேவல் றெக்கைய ஒதறுனதுமே அவ ஆரம்பிச்சிருவா. "ஏங்க, எந்திரிங்க"ன்னு ஒரு கத்து. அவ புருசன் வீரணன் கட்டில்ல கெடந்துக்கிட்டே "என்ன?"ம்பான். ரெண்டாவது கத்துக்கும் "என்ன?"ம்பான். மூணாவது கத்துக்குத்தான் ஒரு காலு கீழ எறங்கும். அந்தக் காலு தரையத் தொடுறதுக்குள்ள மத்தக் காலு திரும்பத் தூங்கிரும்.

அவ கத்துற கத்துலதான் அந்தத் தெருவே நேரம் பாக்கும். மொத கத்துக்குப் பொம்பளைங்க வாசல் தெளிப்பாங்க. "ஆட்ட அவுத்து விடுங்க"ன்னு கத்துனா மேய்ச்சலுக்கு நேரமாச்சு. "கஞ்சி ஆறுது"ன்னு கத்துனா பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு ஓடும்.

அப்புறம் அந்த வீட்டுல ஒரு மாமியா, வீரணனோட ஆத்தா. பஞ்சவர்ணம்னு பேரு. பல்லு பாதிதான் இருந்துச்சு, நாக்கு முழுசா இருந்துச்சு. சோறு போட்டா "கொழஞ்சிருச்சு"ம்பா. கொழம்பு ஊத்துனா "உப்பு கம்மி"ம்பா. சரின்னு உப்பு போட்டா "கடல்லேருந்து மொண்டாந்தியா?"ம்பா.

இவ கத்த, அவன் "என்ன?"ங்க, கெழவி குத்தம் சொல்ல, இப்படியே பொழுது விடியும், இப்படியே பொழுது சாயும். பாசம் இல்லாம இல்ல மயிலு. மூணு பேருக்கும் ஒருத்தர் மேல ஒருத்தருக்குப் பாசம் இருந்துச்சு. அத வெளிய எடுக்கத்தான் அவங்களுக்கு நேரமில்ல.

அந்த வீட்டு முத்தத்துல ஒரு மண்செவரு. ஆள் ஒசரத்துக்கும் மேல. போன மழையில அதுல வெடிப்பு விட்டுருச்சு. "ஏங்க, அந்தச் செவரப் பாருங்க, விழுந்துரும்"னு சீனியம்மா தெனமும் கத்துனா. அவன் "என்ன?"ன்னான். அவன மட்டும் சொல்லவும் முடியாது. ஆடு அவுந்துருச்சுன்னாலும் அதே கத்துதான், வெறகு ஈரமா இருக்குன்னாலும் அதே கத்துதான், அடுப்புல பல்லி ஓடுதுன்னாலும் அதே கத்துதான். செவத்துக்குக் கத்துனதும் அதுக்குள்ள போயிக் கலந்துருச்சு. இந்தச் செவர ஞாபகம் வச்சுக்க. வச்சுக்கிட்டியா?

"ம்."

இப்ப அந்த ஊர்ல ஒரு வழக்கம் சொல்றேன் கேளு. அய்யனார் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவாங்கல்ல, மஞ்சத் துண்டு வச்சு மணிக்கட்டுல கயிறு கட்டுவாங்களே, அதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் கோயில் மண்குதிரைகிட்டப் போவாங்க. பெரிய குதிரை, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கும். அது காதுல வாயை வச்சு, "இனிமே நான் இப்படி இருப்பேன்"னு ஒண்ணு சொல்லணும். அதுக்குப் பேரே "இனிமே"தான். இனிமே குடிக்க மாட்டேன், இனிமே அண்ணன்கூடப் பேசுவேன், இப்படி. சொல்லிட்டு வந்து கயிறு கட்டிக்கிருவாங்க. கயித்த அவுக்குற வரைக்கும் தன்னோட இனிமேய யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா அது ஊசிப் போயிரும்னு சொல்லுவாங்க, ராத்திரிச் சோறு கணக்கா. கயிறு கட்டிட்டா ஊர விட்டுப் போயி வெளியூர்ல தங்கவும் கூடாது.

மீறிட்டா? மீறுனவங்களே வந்து, ஊரு முன்னாடி, தன் கயித்தத் தானே அவுத்துக் குதிரை காலடியில வைக்கணும். அந்த வருசம் அவங்களுக்குத் திருவிழா கெடையாது. பொங்கப் பானை வைக்க முடியாது, ஓரமா நின்னு வேடிக்கை பாக்கணும். அந்த ஊர்ல அப்படி அவுத்தவங்க யாருமே இல்ல.

அப்போ அந்த வருசக் காப்புக்கு மூணு பேரும் போனாங்க. சீனியம்மா குதிரை காதுல குசுகுசுன்னு ஒண்ணு சொன்னா. வீரணன் ஒண்ணு சொன்னான். கெழவிக்குக் காது எட்டல, குதிரையோட கழுத்தப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு ஒண்ணு சொன்னா. பூசாரி மூணு பேருக்கும் கயிறு கட்டிவிட்டாரு.

மறுநாள் விடிஞ்சுச்சு. சேவல் றெக்கைய ஒதறுச்சு. பட்பட்பட். அப்புறம்?

"சீனியம்மா கத்துனா."

கத்தலடி. அதான் சேதி. கத்தவே இல்ல.

தெருவே படுத்துக் கெடக்கு. சூரியன் பனைக்கு மேல வந்துருச்சு. ஒரு வாசல் தெளிக்கல. ஆடெல்லாம் பட்டியில நின்னு மே, மேன்னு அழுகுது. பிள்ளைங்க வாயப் பொளந்து தூங்குது. அடுத்த வீட்டுக்காரிதான் மொதல்ல முழிச்சா. வெயிலப் பாத்தா. சீனியம்மா வீட்டப் பாத்தா. சத்தமில்ல. "ஐயோ, சீனியம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு"ன்னு தலைமுடியக்கூட முடியாம ஓடியாந்தா. அவ பின்னால தெருவே ஓடியாந்துச்சு. துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு ரெண்டு பெருசுங்க துக்கம் கேக்கவே வந்துட்டாங்க.

வந்து பாத்தா, சீனியம்மா குத்துக்கல்லாட்டம் அடுப்பு முன்னால உக்காந்து கஞ்சி கிண்டுறா.

"என்னத்தா, ஒடம்புக்கு முடியலையா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னு தலைய ஆட்டுனா. "வீட்டுல சண்டையா?" அதுக்கும் தலைய ஆட்டுனா. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டுத் திரும்பிப் போனாங்க. அன்னைக்குச் செங்கொளத்துல ஒரு வேலை ஒழுங்கா நடக்கல.

விசயம் என்னன்னா, "இனிமே கத்த மாட்டேன்"னுதான் அவ குதிரை காதுல சொல்லியிருந்தா. ஒனக்கு மட்டும் சொல்றேன், வெளிய சொல்லாத. வீடு சந்தோசமா இருக்கணும்னு ஆசைப்பட்டுச் சொன்னா. மெதுவாப் பேசலாமேன்னு நீ கேப்ப. அவளும் அப்படித்தான் நெனச்சா. காலையில "ஏங்க"ன்னு மெதுவாச் சொல்ல வாயத் தொறந்தா, உள்ளேருந்து வருது பாரு, அதே பழைய கத்து. டக்குனு வாயப் பொத்திக்கிட்டா. அவ தொண்டையில நடுக்குரலே இல்ல. ஒண்ணு கத்து, இல்லேன்னா பூட்டு. சரி, பூட்டிருவோம்னு பூட்டிட்டா.

"ம்... வீரணன் என்ன சொன்னான்?"

அவசரப்படாத. வீரணன் "இனிமே என் பொண்டாட்டி சொல்ற மொத சொல்லுக்கே எந்திரிப்பேன், என்னன்னு கேக்கவே மாட்டேன்"னு சொல்லியிருந்தான். இப்பப் பாரு கூத்த. அவன் மொத சொல்லுக்காகக் காதத் தீட்டிக்கிட்டுக் காத்திருக்கான். அவ சொல்லவே மாட்டேங்குறா. எந்நேரத்துல என்ன சொல்லுவாளோ, தூரமா இருந்து கேக்காமப் போயிட்டா இனிமே கெட்டுருமேன்னு அவன் கொல்லைக்குக்கூடப் போகல. அடுப்படி வாசல் நல்லாத் தெரியுற மாதிரி முத்தத்துல கட்டில இழுத்துப் போட்டான். தரதரதர. எங்க போட்டான் தெரியுமா? நெழல் இருக்குதுன்னு அந்தச் செவத்தோரம் போட்டான்.



அங்க உக்காந்து அவ வாயையே பாத்தான். கண்ணு கொட்டாம பாத்தான். அவ இங்கிட்டு நடந்தா தலைய இங்கிட்டுத் திருப்புவான், அங்கிட்டு நடந்தா அங்கிட்டுத் திருப்புவான். சீனியம்மாவுக்குப் பயம் புடிச்சுக்கிருச்சு. "மூணு தடவ எழுப்புனாலும் எந்திரிக்காத மனுசன், இப்பக் கோழி முழிக்கிற மாதிரி முழிச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்குறாரே. மூளைக்கு எதுவும் ஆயிருச்சா?"ன்னு உள்ளுக்குள்ளயே பதறுனா.

அப்புறம் கெழவி. மத்தியானம் சீனியம்மா சோறு போட்டு கொழம்ப ஊத்திட்டு நின்னா. கெழவி ஒரு வாய் தின்னா. ரெண்டு வாய் தின்னா. ஒண்ணுமே சொல்லல. வட்டில வழிச்சு நக்கிட்டு, தண்ணியக் குடிச்சுட்டு, போயிப் படுத்துக்கிட்டா. சீனியம்மா கையிலேருந்து கரண்டி நழுவி ணங்குன்னு விழுந்துச்சு. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து குத்தம் சொல்லாம ஒரு வாய் தின்னதில்ல அந்தக் கெழவி. "அத்தைக்குச் சாவு வந்துருச்சு, அதான் வாய் கட்டிப் போச்சு"ன்னு நெனச்சு அடுப்படிக்குள்ள போயி அழுதா. சத்தமில்லாமத்தான் அழுதா, பாவம். அழுது மூக்கச் சிந்திட்டு, கொழம்ப நாக்குல வச்சுப் பாத்தா, அதுல உப்பே போடல.

கெழவியோட இனிமே இப்பத் தெரியுதா ஒனக்கு?

"குத்தம் சொல்ல மாட்டேன்."

கெட்டிக்காரி. அதேதான். உப்பில்லாத கொழம்ப அந்தக் கெழவி கண்ணுல தண்ணி வர முழுங்கிட்டுப் போயிப் படுத்திருக்கா. படுத்துக்கிட்டு அவ ஒரு பயத்துல கெடக்கா. "கத்துற மருமவ கத்தாம இருக்கா, உப்புப் போடுறவ உப்புப் போடல. பேய்க்குத்தான் உப்பு ஆகாது. என் மருமவளப் பேய் புடிச்சிருச்சு"ன்னு தலகாணிக்கு அடியில ஒரு துண்டு இரும்ப வச்சுக்கிட்டா.

அப்படி ஒரு வீட்டுல மூணு பேரு, மூணு பேரும் நல்லது பண்றாங்க, மூணு பேரும் பயந்து சாகுறாங்க.

அப்போ சீனியம்மாவுக்குச் சோதனை வந்துச்சு. ஒண்ணு இல்ல, மூணு.

மொத சோதனை, ஆடு. கட்டு அவுந்து வந்து, திருவிழாவுக்குன்னு தொவைச்சுக் காயப்போட்ட புதுச் சேலைய வாயில போட்டுச் சவக்கு சவக்குனு மெல்லுது. முந்தானையே உள்ள போயிருச்சு. சீனியம்மாவுக்கு வயித்துலேருந்து கத்து கெளம்பி வந்துச்சு. நெஞ்சுக்கு வந்துச்சு. தொண்டைக்கு வந்துச்சு. கட்டியிருந்த சேலைத் தலைப்பச் சுருட்டி வாயில வச்சு அமுக்கிக்கிட்டா. அங்கிட்டு ஆடு ஒரு முந்தானையக் கடிக்குது, இங்கிட்டு இவ ஒரு முந்தானையக் கடிக்குறா. மிச்சச் சேலைய உருவி எடுத்துப் பெட்டியில மடிச்சு வச்சா.

இதக் கட்டில்லேருந்து வீரணன் பாத்தான். ஆட்டப் பாக்கல, பெட்டியப் பாத்தான். "சேலைய மடிச்சுப் பெட்டியில வைக்குறா. பேச்சே இல்ல. காப்பு அவுத்த மறுநிமிசம் பொறந்த வீட்டுக்குப் போகப் போறா. திரும்பி வரவே மாட்டா"ன்னு அவனாவே முடிவு கட்டிட்டான். நான் "என்ன, என்ன"ன்னு கேட்டுக் கேட்டே இவ மனச ஒடைச்சுட்டேனேன்னு தலையில கை வச்சுக்கிட்டான்.

ரெண்டாவது சோதனை, கோழி. அடுப்படிக்குள்ள பூந்து கூழ்ப்பானை மேல ஏறுச்சு. டமார். பானை ரெண்டாச்சு. கூழு முழுக்கத் தரையில. அதுல கோழி நடந்து, அந்தக் காலோட மெழுகி வச்ச தரையெல்லாம் கோலம் போட்டு, கடைசியில கெழவி தலையில ஏறி நின்னுச்சு. கெழவி மருமவளப் பாக்குறா. இப்பக் கத்துவா, இப்பக் கத்துவான்னு ஆசையாப் பாக்குறா. சீனியம்மா ஒதட்டக் கடிச்சா. கண்ணு செவந்து பிதுங்குச்சு. வெளக்கமாத்த எடுத்துக் கூட்ட ஆரம்பிச்சுட்டா. கெழவி "பேய்தான், சந்தேகமே இல்ல"ன்னு இரும்புத் துண்ட மடியில எடுத்துச் சொருகிக்கிட்டா.

தூங்கிட்டியா மயிலு?

"இல்ல. செவரு?"

வர்றேன். மூணாவது சோதனை அதான். அன்னைக்குச் சாயங்காலம் கோடை மழை அடிச்சுச்சு பாரு. சடசடசடன்னு, கூரை பொத்துக்கிட்டு ஊத்துன மாதிரி. மறுநாள் காலையில வெயில் பளிச்சுனு அடிக்குது. எல்லாம் பழையபடி. வீரணன் கட்டில ஒதறிப் போட்டு அதே செவத்தோரம், அதே நெழல்ல உக்காந்துட்டான், பொண்டாட்டி வாயப் பாத்துக்கிட்டு.

சீனியம்மா வெளிய வந்து செவரப் பாத்தா. மழைத் தண்ணி குடிச்சு அடி ஊறிப் போயிருக்கு. வெடிப்பு கை நொழையுற அளவுக்கு ஆயிருச்சு. கையக் காட்டுனா. அங்க பாருங்க, அங்க பாருங்கன்னு செவரக் காட்டிக் காட்டி ஆட்டுனா. அவன் என்ன நெனச்சான் தெரியுமா? அவ பொறந்த ஊரு அந்தத் தெசையிலதான் இருக்கு. "போறேன்னு சொல்றா. சைகையிலயே சொல்லிட்டா"ன்னு அவன் கண்ணு நெறஞ்சு போச்சு. "போகாத சீனி"ன்னு தலைய ஆட்டுனான். அவ செவரக் காட்டுறா, அவன் அழுகுறான். வாசப்படியில மொறத்த வச்சுக்கிட்டு உக்காந்திருந்த கெழவி, கைய ஆட்டுறதப் பாத்துட்டு, பேய் ஆட ஆரம்பிச்சிருச்சுன்னு ரெண்டு படி பின்னால நகந்தா.

சரி, இழுத்துட்டே போயிருவோம்னு சீனியம்மா முத்தத்துல எறங்கி நாலு எட்டு வச்சா. அப்போ ஒரு சத்தம். சின்னச் சத்தம். கிர்ர்ர்னு. செவத்துக்குள்ளேருந்து. மேலேருந்து மண்ணு பொலபொலன்னு அவன் தோள்ல விழுது. அவன் ஏதோ எறும்பு கடிச்ச மாதிரி தட்டிவிடுறான். செவரு வயித்த முன்னால தள்ளுது. அவ ஓடுனாலும் போய்ச் சேர முடியாது.

கத்துனா இனிமே போச்சு. ஊரு முன்னாடி தலைகுனிஞ்சு கயித்த அவுக்கணும். கத்தலேன்னா புருசன் போயிருவான். யோசிச்சாளான்னு கேக்காத. யோசிக்கிறதுக்கு எங்க நேரம்?

"எந்திரி!"

அப்படி ஒரு கத்து. அதுவரைக்கும் பூட்டி வச்சிருந்த கத்தெல்லாம் ஒண்ணாச் சேந்து வந்துச்சு. ஊர்க்கோடிக் கெணத்துல தண்ணி எறைச்சுக்கிட்டு இருந்த மாடு நின்னுச்சு. மரத்துக் காக்கா எல்லாம் பறந்துச்சு. வீதியில போனவங்க வச்ச கால எடுக்காம அப்படியே நின்னாங்க.

வீரணன்? "என்ன?"ன்னு கேக்கல மயிலு. என்னன்னு கேக்கலடி. அந்தச் சொல்லு காதுல விழுந்ததும் கட்டில விட்டுத் தவ்வுனான், ஏன் எதுக்குன்னு திரும்பிக்கூடப் பாக்காம. அவன் காலு முத்தத்து நடுவுல படுது, பின்னால திடுதிடுதிடு, படார். முழுச் செவரும் கட்டில் மேல.

புழுதி அடங்குச்சு. கட்டில் இருந்த எடத்துல மண்ணுமேடு. ஒரு கால் மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. மனுசன் கால் இல்ல, கட்டில் கால்.

கெழவி கை மொறம் கவுந்து அரிசி பூராக் கொட்டுது, அவளுக்குத் தெரியல. வீரணன் கட்டில் காலப் பாக்குறான், தன் காலப் பாக்குறான். கடைசியில கெழவிதான் வாயத் தொறந்தா. "புருசனப் போயி எந்திரின்னா சொன்ன?"ன்னு கேட்டுட்டு, ஓன்னு ஒப்பாரி வச்சு மருமவளக் கட்டிப் புடிச்சுக்கிட்டா.

ஆனா சீனியம்மா மூஞ்சியில சந்தோசம் இல்ல. மணிக்கட்டுக் கயித்தப் பாத்தா. கெழவி கைய விலக்கிட்டு, யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம கோயிலுக்கு நடந்தா. புருசன் பொழைச்ச நடுக்கம் ஒரு பக்கம், அய்யனாருக்குக் குடுத்த சொல்லு போன நடுக்கம் ஒரு பக்கம். ஊரே பின்னால போச்சு. குதிரை முன்னால நின்னு கயித்து முடிச்சுல கைய வச்சா பாரு, அத்தன சனமும் எட்டி எட்டிப் பாக்குது. அந்த ஊர்ல யாரும் பாக்காத காரியம். பூசாரி கையிலேருந்து மணி விழுந்து ணங் ணங்னு உருண்டுச்சு.

அவ அவுத்தா. குதிரை காலடியில வச்சா. கயிறு எறங்கிருச்சுல்ல, இனிச் சொல்லலாம். சொன்னா. தொண்டை கிழிஞ்சு போயி, குரலு சின்னதா, கரகரன்னு வருது. "இனிமே கத்த மாட்டேன்னு சொன்னேன் சாமி. கத்திட்டேன்."

வீரணனுக்கு இடி விழுந்த மாதிரி ஆச்சு. "அப்ப நீ பொறந்த வீட்டுக்குப் போகலையா?"

"நான் எதுக்குப் போறேன்?"

அவன் தன் கயித்துல கைய வச்சான். பூசாரி ஓடியாந்து புடிச்சுக்கிட்டாரு. "ஏப்பா, நீ எதையும் மீறலையே?"

"மீறல. ஆனா அவ மட்டும் தனியா அவுத்துட்டு நிக்கக் கூடாது"ன்னு சொல்லி அவனும் அவுத்துட்டான். "மொத சொல்லுக்கே எந்திரிப்பேன்னு நான் சொன்னேன். இவ சொல்லவே இல்ல. இன்னைக்குத்தான் சொன்னா. எந்திரிச்சேன்."

சீனியம்மா அவன் மூஞ்சியவே பாத்தா. பழைய நாள் மாதிரி "என்ன?"ன்னு ஒரே ஒரு தடவ கேட்டிருந்தா அந்த மண்ணுக்கடியிலதான் கெடந்திருப்பான். அத நெனச்சதும் அவ அங்கேயே உக்காந்துட்டா. உக்காந்துக்கிட்டே கேட்டா, "வருசம் பூரா அந்தச் செவரு, அந்தச் செவருன்னு கத்துனேனே, உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"கேட்டுச்சு சீனி. எல்லாத்தோடயும் சேந்து கேட்டுச்சு."



அதுக்குள்ள கெழவி கூட்டத்த இடிச்சுக்கிட்டு வந்தா. கயித்த அவுக்கப் பாத்தா, முடிச்சு எளகல, பல்லால கடிச்சு அத்துப் போட்டா. "ரெண்டும் வெளிய நிக்க, நான் மட்டும் உள்ள பொங்க வைக்கவா? குத்தம் சொல்ல மாட்டேன்னு சொல்லித் தொலைச்சேன். உப்பில்லாத கொழம்ப முழுசாத் தின்னேன். என் எதிரிக்கும் அந்தக் கதி வரக் கூடாது"ன்னா.

பூசாரி தலையில கைய வச்சுட்டு உக்காந்துட்டாரு. தலைமுறை தலைமுறையா ஒரு கயிறு அவுந்ததில்ல, இன்னைக்கு ஒரே வீட்டுல மூணு. குதிரையப் பாத்தாரு. அது பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது. ரொம்ப நேரம் யோசிச்சுட்டுச் சொன்னாரு, "மூணு பேரும் திரும்ப ஒரு இனிமே சொல்லுங்க. இந்தத் தடவ குதிரை காதுல வேணாம். வீட்டாளு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அது காதுல சொன்னா அதுக்குத்தானே தெரியுது?"

சனங்களுக்கு அதிர்ச்சி. மொணமொணன்னு ஒரு சத்தம். ஆனா மண்ணு அப்புன தலையோட வீரணன் அங்க நிக்குறதப் பாத்துட்டு யாரும் எதிர்த்துப் பேசல.

சீனியம்மா புருசனையும் மாமியாளையும் பாத்துச் சொன்னா, "இனிமே தலையில விழுறதுக்கு மட்டும் கத்துறேன்." வீரணன் அதே சொல்லையே திரும்பச் சொன்னான், மொத சொல்லுக்கே எந்திரிப்பேன்னு. கெழவி மட்டும் "என்னோடத அப்புறமாச் சொல்றேன்"னுட்டா. பூசாரி மூணு பேருக்கும் புதுக் கயிறு கட்டுனாரு. அதுலேருந்து அந்த ஊர்ல யாரும் குதிரைகிட்ட ரகசியம் பேசுறதில்ல. நேரா வீட்டுலதான் சொல்லுவாங்க.

மறுநாள் காலையில சீனியம்மா வாயத் தொறந்தா. கிழிஞ்ச தொண்டையில நடுக்குரலு வந்து உக்காந்திருந்துச்சு. மெதுவா "ஏங்க"ன்னா. வீரணன் பாயிலேருந்து ஒரே தவ்வு. மேல தொங்குன உறிச்சட்டியில மண்டை இடிச்சு, ணங்.

அப்புறம் மண்ணக் குழைச்சு ரெண்டு பேரும் செவரத் திரும்ப எழுப்புனாங்க. மத்தியானம் சோறு. கெழவி ஒரு வாய் வச்சா. ரெண்டு பேரும் அவ வாயவே பாக்குறாங்க. கெழவி மென்னா, முழுங்குனா. "உப்பு கம்மி"ன்னா.

சீனியம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அத்தை பொழைச்சுக்கிட்டாங்கன்னு.

கெழவி இன்னொரு வாய் வச்சா. "ஆனா ருசியா இருக்கு."

வீரணன் கையிலேருந்த வட்டில் விழுந்து உருண்டு முத்தம் வரைக்கும் போச்சு. யாரும் எடுக்கல. சீனியம்மா அகப்பையத் தூக்கினபடியே நிக்குறா. அதுதான் கெழவியோட இனிமே. ஒரு குத்தம் சொன்னா ஒரு நல்லதும் சொல்றது.

அந்த மண்ணுமேட்டுல கெடந்துச்சே கட்டில் காலு, அத சீனியம்மா அடுப்படியில மாட்டி வச்சா. ஆடு அவுந்தாலோ கோழி பூந்தாலோ கத்து கெளம்பி வரும்ல, அப்போ அந்தக் காலப் பாப்பா. "இது தலையில விழுமா?"ன்னு கேட்டுக்குவா. விழாதுன்னா கத்த முழுங்கிட்டு மெதுவாச் சொல்லுவா. மொத சொல்லுக்கே எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அந்தத் தெருவுக்குத்தான் நேரம் பாக்க ஆளில்லாமப் போச்சு. அவங்க சேவலையே நம்பிப் பொழைச்சாங்க.

மயிலு?

"..."

மயிலு. ஏ மயிலு. ம் நின்னுருச்சு. சரி, கதையும் முடிஞ்சுருச்சு. யாரு தலையிலயும் விழல. தூங்கு.